காது ஆபரேஷனுக்கு முன் ஆடியோகிராம்: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்குப் பல வருடமாகக் காதில் சீழ். செவிப்பறையில் ஓட்டை இருப்பது கண்ணுக்கே தெரிகிறது, அடைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அப்புறம் எதற்குக் கேட்கும் சோதனை?

ஓட்டை தெரியும், உள்காதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரியாது. அதைச் சொல்வது கேட்கும் சோதனையின் வரைபடமான ஆடியோகிராம்தான். ஹெட்ஃபோன் வழியாகக் கேட்கவைப்பது காற்று வழி. காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் அதிர்வியை வைத்து, நடுக்காதைத் தாண்டி நேரே உள்காதுக்கு ஒலி அனுப்புவது எலும்பு வழி. ஒவ்வொரு வழியிலும் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியின் அளவு வரைபடத்தில் ஒரு கோடாக வரும்; எண் கூடக்கூட கேட்கும் திறன் குறைவு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நடுக்காதின் பழுது. ஆபரேஷன் கைவைக்கக்கூடியது அந்த இடைவெளியில் மட்டுமே.

காற்று வழி 50 டெசிபெல், எலும்பு வழி 15 என்றால் இடைவெளி 35. மீட்க நிறைய இருக்கிறது. காற்று 65, எலும்பு 50 என்றால் மீட்கக் கிடைப்பது வெறும் 15. ஓட்டை அழகாக அடைபட்டாலும், சீழ் நின்றாலும், அம்மாவுக்குக் காது மெஷின் தேவைப்படும். இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பிறகு தெரிந்தால் சண்டைதான் மிஞ்சும்.

இடைவெளி 40-ஐத் தாண்டினால் ஓட்டை மட்டும் காரணமாக இருக்காது. சுத்தி, பட்டை, அங்கவடி எலும்புத் தொடரில் எங்கோ அறுந்திருக்கிறதா என்ற சந்தேகம் எழ வேண்டும். பெரும்பாலும் அரிபடுவது பட்டை எலும்பின் நீண்ட முனை. மாற்று எலும்பு வைக்க நேரலாம் என்று தயாராகப் போக இது உதவும்.

இரண்டு காதுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். பழுதான காதுதான் கேட்கும் ஒரே காது என்றால் முடிவே மாறிவிடும்.

சோதனையின்போது மற்றக் காதில் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் போட்டார்கள். கவனமே சிதறியது. அது அவசியமா?

அந்த இரைச்சல் இல்லாத ரிப்போர்ட்டைத்தான் நம்பக்கூடாது. எலும்பு அதிர்வி மண்டை முழுவதையும் அதிரச் செய்யும்; எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு உள்காதுகளும் கேட்கும். ஹெட்ஃபோன் ஒலியும் சுமார் 40 டெசிபெலைத் தாண்டினால் மறுபக்கம் கசியத் தொடங்கும். ஒரு காது முழுக்கச் செத்துப்போயிருந்தாலும், இரைச்சல் போடாமல் சோதித்தால் காற்று வழி 55, எலும்பு வழி 10 என்று வரைபடம் வரும். பார்த்தால் ஆபரேஷனுக்கு ஏற்ற காது! உண்மையில் கேட்டது நல்ல காது; அதைக் கேட்கவிடாமல் மறைக்கத்தான் அந்த இரைச்சல்.

தாளில் நீங்களே பார்க்கலாம். வலது காது சிவப்பு, இடது நீலம். எலும்பு வழியில் < > குறி இருந்தால் இரைச்சல் போடாத அளவு. [ ] போன்ற சதுர அடைப்பு இருந்தால் போட்டு எடுத்தது. இரண்டு காதிலும் பெரிய இடைவெளி உள்ளவர்களுக்குத்தான் சிக்கல்: மறுகாதை மூடப் போதுமான இரைச்சல், சோதிக்கும் காதுக்கே கசிந்துவிடும். அங்கே வரைபடத்தை மட்டும் நம்பிக் கத்தி எடுக்க முடியாது.

சோதனை மெஷின் இருக்கும்போது இசைக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) எதற்கு?

மெஷினைச் சரிபார்க்க. 512 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால், நடுக்காது பழுதான பக்கம் ஒலி ஒதுங்கும். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள், அடைத்த பக்கம்தான் உரக்கக் கேட்கும், அதே கணக்கு. வரைபடம் வலது காதில் பெரிய இடைவெளி காட்டுகிறது, இடது காது நன்றாக இருக்கிறது, ஆனால் கவை ஒலி இடதுக்குப் போகிறது என்றால் ஒன்று பொய். சோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும்.

சீழ் வடியும்போதே எடுக்கலாமா?

சீழை உறிஞ்சிச் சுத்தம் செய்த பிறகு எடுக்கலாம். அடைத்து நிற்கும் சீழும் காற்று வழி அளவைக் கெடுக்கும். முந்தைய இரவிலிருந்தே பெரிய சத்தத்தைத் தவிர்த்துவிடுங்கள். காதில் ரீங்காரம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலியால் சோதிப்பார்கள். மிக மெல்லிசாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்துங்கள், ஊகித்து அழுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்ட ரிப்போர்ட்டோடு ஆபரேஷனுக்குப் போகவேண்டாம்.

எனக்கு 25 டெசிபெல்தான், நன்றாகவே கேட்கிறது. கொலஸ்டியடோமா என்று சொல்லி ஆபரேஷனுக்கு அவசரப்படுத்துகிறார்களே?

கொலஸ்டியடோமா என்பது நடுக்காதில் வளரும் தோல் கட்டி. அது அங்குள்ள எலும்பை அரித்துவிட்டு, அரித்த இடத்தில் தானே பாலமாக நின்று ஒலியைக் கடத்துவது உண்டு. எனவே வரைபடம் நன்றாக இருப்பது நோய் சிறியது என்பதற்குச் சாட்சி அல்ல. கட்டியை எடுத்ததும் பாலமும் போய், கேட்கும் திறன் இப்போதைவிடக் குறையலாம். அதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காதின் முன்மடலை (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை) அழுத்தும்போது தலை சுற்றுகிறது என்றால் உடனே சொல்லுங்கள்: உள்காதுச் சுவரில் துளை விழுந்திருக்கலாம்.