நோயாளியின் நாடிக்குப் பொருந்தும் வளைந்த ஸ்டென்டை கணினியில் வரைவது எப்படி?

கேட்டவரின் சிக்கல் இது: நேரான ஸ்டென்ட் ஒன்றை, அதாவது ஒடுங்கிய குருதி நாடியைத் திறந்து வைத்திருக்கும் கம்பி வலைக் குழாயை, வரைந்து, சி.டி. ஸ்கானில் எடுத்த நாடியின் பாதையில் மென்பொருளைக் கொண்டு வளைத்திருக்கிறார். வலையின் கண்ணிகள் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இழுபட்டுவிட்டன. இனி அது சுருங்குமா, விரியுமா என்றும் தெரியவில்லை. நான் மருத்துவன் அல்ல, இயந்திரப் பொறியியல் படித்தவன். இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்தில் இதே குழிக்குள் விழுந்து எழும்பியதால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்க முதல் டொக்டர் ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். 3 மில்லிமீற்றர் விட்டம், 18 மில்லிமீற்றர் நீளம். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உது பேனைக்குள்ள கிடக்கிற ஸ்பிரிங் எல்லோ தம்பி" என்றார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. செயற்றிட்டத்தில் மூன்று கிழமை மண்டையை உடைத்த பிறகுதான் அவர் சொன்னதில் பாதி விடை இருந்தது தெரிந்தது. ஒரு பேனை ஸ்பிரிங்கை வளைத்துப் பாருங்கள். சுற்றுகள் வட்டமாகவே நிற்கும். வெளிப்பக்கத்து இடைவெளி அகலும், உட்பக்கத்து இடைவெளி நெருங்கும். அவ்வளவுதான் வளைவு.

எவ்வளவு அகல வேண்டும் என்பதற்கு எங்கள் ஒழுங்கை முடக்கே போதும். 12 அடி அகலமான ஒழுங்கை ஒன்று செங்கோணமாகத் திரும்பினால், வெளிப்பக்க வேலி உட்பக்க வேலியைவிடக் கிட்டத்தட்ட 19 அடி நீளும். முடக்கு சடாரென்று திரும்பினாலும் சரி, ஆறுதலாகத் திரும்பினாலும் சரி, இந்த வித்தியாசம் மாறாது. அகலத்தைத் திரும்பும் கோணத்தால், ரேடியனில், பெருக்கினால் வருவது அது. நாடிக்கும் இதே கணக்குத்தான். 6 மில்லிமீற்றர் குழாய் 90 பாகை திரும்பினால் வெளிச்சுவர் உட்சுவரைவிட 9.4 மில்லிமீற்றர் நீளம்.

வேலி அடைக்கிறவர் வெளிப்பக்கத்தில் இரண்டு கதியால் கூட நட்டுச் சமாளிப்பார். ஸ்டென்ட் என்பது வரிசையாக இணைத்த கம்பி வளையங்கள். அதில் அதற்கு வழியில்லை, ஒரு வளையம் என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் சேர்த்து ஒன்றுதான். ஆகவே முழு வித்தியாசத்தையும் வளையங்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள்தான் தாங்க வேண்டும். 15 வளையம் என்றால் 14 இடைவெளி. 9.4ஐப் பங்கிட்டால் இடைவெளி ஒன்றுக்கு 0.67 மில்லிமீற்றர் வித்தியாசம். நடுக்கோட்டு நீளத்திலிருந்து வெளியே 0.34 நீள வேண்டும், உள்ளே அதேயளவு குறுக வேண்டும். அந்தளவு அசைவைக் கொடுக்கக்கூடிய எஸ் வடிவ இணைப்பை வரையுங்கள். வளையங்களை நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக, ஒரே அளவில், தொடாமல் விடுங்கள். நீங்கள் செய்ததுபோல முழு வலையையும் வளைத்தால் வெளிப்பக்கத்துக் கம்பிகளே நீண்டுவிடும். நீண்ட கம்பி இலகுவாக வளையும், அந்தப் பக்கம் சுவரைத் தாங்கும் விசை குறையும்.

இணைப்பை ஒரேயடியாகக் குறைத்தாலும் வில்லங்கம். வெளிப்பக்கத்தில் கம்பி முனைகள் மீன் செதிள் போல எழும்பி நிற்கும். எல்லா முனையையும் இணைத்துவிட்டாலோ ஸ்டென்ட் விறைத்துப்போய் நாடியை நிமிர்த்தப் பார்க்கும், அதன் அந்தத்தில் நாடி மடியும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது விறைப்பான குழாய் முடிந்து மெல்லிய குழாய் தொடங்கும் இடம் மடிந்து நீர் தடைப்படுமே, அதே கதைதான்.

அடுத்தது, ஸ்டென்டைச் சுருக்கிக் கதீற்றருக்குள், அதாவது அதை நாடிக்குள் கொண்டுபோகும் மெல்லிய குழாய்க்குள், அடக்குவது. பலர் விரிந்த நிலையை மட்டும் அழகாக வரைந்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். கதீற்றரின் பருமனைப் பிரெஞ்ச் என்ற அளவில் சொல்வார்கள். 6 பிரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 2 மில்லிமீற்றர். உள்ளே ஸ்டென்டுக்கு 1.6 கிடைக்கிறது என்று வையுங்கள். சுற்றளவு 5 மில்லிமீற்றர் அளவில் வரும். கம்பி அகலம் 0.1 என்றால் 50 கம்பி நின்றதும் இடம் முடிந்தது. என்னுடைய முதல் வடிவத்தில் 60 இருந்தது! திரையில் பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது.

மென்பொருளுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. 3டி ஸ்லைசர் என்ற மென்பொருளில் ஸ்கானிலிருந்து நாடியைப் பிரித்தெடுங்கள், வி.எம்.டி.கே. என்ற மென்பொருளில் அதன் நடுக்கோட்டை எடுங்கள். இரண்டும் இலவசம். ஒரு எச்சரிக்கை: நடுக்கோட்டில் வளையங்களை அடுக்கப் பாடப்புத்தகத்து ஃபிரனே சட்டகத்தை, அதாவது கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் பார்த்துத் திரும்பும் அச்சுகளை, பாவிக்காதீர்கள். வளைவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடத்தில் அது 180 பாகை திரும்பிவிடும், இணைப்புகள் பிழிந்த துணி மாதிரி முறுகும். திருகல் மிகக் குறைந்த சட்டகம் வேண்டும்.

சரி, வளைவை உலோகத்திலேயே பதிக்கலாமா? பதிக்கலாம். நிட்டினோல் என்ற நிக்கல்-டைட்டேனியம் கலப்புலோகத்தை வளைந்த அச்சில் மாட்டி 500 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிக் குளிர்த்தினால் அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன். ஒரு நோயாளியின் வளைவை அப்படியே பதித்த ஸ்டென்ட் கதீற்றருக்குள் நேராகப் போய், வெளியே வரும்போது சரியான பக்கம் பார்த்து விரிய வேண்டும். நீண்ட கதீற்றரின் இந்த முனையில் கையைத் திருப்பினால் அந்த முனை அதேயளவு திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. 30 பாகை தவறினாலும் அந்த வளைவு சுவரைத் தள்ளும். தொடை நாடிக்கான பயோமிமிக்ஸ் 3டி ஸ்டென்டில் இந்தச் சிக்கலுக்குள் அகப்படாத ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. அதன் வளைவு சுருளி வடிவம், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சுருளி சுருளிதான். நோக்கமும் வேறு. நாடியின் பாதைக்குப் பொருந்துவதைவிட, குருதியைச் சுழன்று ஓட வைப்பதே அதன் வேலை.

கடைசியாகக் களைப்புச் சோதனை, அதாவது திரும்பத் திரும்ப அசைந்து உலோகம் முறியுமா என்று பார்ப்பது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 10 ஆண்டில் ஏறக்குறைய 38 கோடி. தொடை நாடியில் நடை, குந்துதல், முறுக்கல் எல்லாம் அதற்கு மேலதிகம். நீங்கள் நீட்டிய அந்த எஸ் இணைப்புகள்தான் முதலில் முறியக்கூடியவை, கணினிக் கணிப்பில் அவற்றின் வளைவு மூலைகளை முதலில் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் எந்த நாடி என்றே இல்லை. பெருநாடி வளைவு என்றால் மேலே சொன்னதில் பாதி மாறும். 30 மில்லிமீற்றர் விட்டத்தில் அதே 90 பாகைக்கு வித்தியாசம் 47 மில்லிமீற்றர், அங்கே வைப்பதும் துணி போர்த்த ஸ்டென்ட். உட்பக்க விளிம்பு சுவரில் ஒட்டாமல் பறவை அலகு போல நீட்டிக்கொண்டு நிற்கும் பிரச்சினை தனி. விட்டம், திரும்பும் கோணம், வளைய எண்ணிக்கை மூன்றையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், இணைப்புக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.