அவள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை

கேள்வி: கனடாவின் வடகோடிப் பகுதியான நுனாவுட்டில் ஒரு சிறிய ஊரில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் சுகாதார நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் இனுயிட் பழங்குடிப் பெண் எனக்கு நெருங்கிய தோழி. மூன்று குழந்தைகளின் தாய். கணவர், மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லோரும் ஒரே வீட்டில். சம்பளம் வந்த வேகத்தில் வேட்டைக்குப் போகும் கணவரின் பனி வண்டியான ஸ்னோமொபைலுக்குப் பெட்ரோல், உதிரி பாகம், துப்பாக்கிக்குத் தோட்டா என்று கரைந்துவிடுகிறது. அவர் கெட்டவர் இல்லை, கை நீட்டியதும் இல்லை. ஆனால் ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்க ஆசை என்று இவள் வாயைத் திறந்தால், 'உனக்கு இங்கே என்ன குறை?' என்று பேச்சை முடித்துவிடுகிறார். ஊர் முழுக்கச் சொந்தம் என்பதால் யாரிடமும் மனம் விட்டுப் பேசவும் முடியவில்லை. ஒட்டாவாவுக்குப் போய்விடு, டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லலாமா? அல்லது அவள் கணவரிடம் நானே பேசட்டுமா?
– பெயர் வேண்டாம், நுனாவுட்

பதில்: அன்புத் தோழி, டிக்கெட் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். ஒட்டாவா போக வேண்டும் என்று அவள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவள் கேட்பது படிப்பு. ஊரை விடுவது உங்கள் யோசனை.

நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில் ஆசிரியையாக வேலை பார்த்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நானும் சுமந்திருக்கிறேன். நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கே விமானம்தான். இதைப் பார்த்தவுடன், கதவு பூட்டிய வீட்டுக்குள் பெண்கள் இருப்பதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த ஊர்தான் அவள் குழந்தைகளின் மொழி, உணவு, பாட்டி எல்லாம். அதைத் துறந்தால்தான் சுதந்திரம் என்று சொன்னால், அவள் படிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுவாள்.

பெட்ரோலுக்கு வருவோம். சம்பளத்தை அவர் பிடுங்கிக்கொள்கிறார் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அரசு வேலை, பள்ளி வேலை, அலுவலக வேலை ஆகியவற்றில் இனுயிட் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கணவன் வேட்டைக்குப் போக மனைவியின் சம்பளம் எரிபொருளாவது அங்கே வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அவர் கொண்டு வரும் சீல் என்ற கடல்நாயும் கரிபூ மானும் உங்கள் தோழியின் வீட்டோடு நிற்பதில்லை. சமையலறைத் தரையில் அட்டையை விரித்து இறைச்சியைப் போட்டதும் அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் வந்து உட்காருவார்கள். வயதானவர்களுக்குப் பங்கு தனியாகப் போகும். கடையில் விற்கும் விலைக்கு அத்தனை வயிற்றை அவள் சம்பளத்தால் நிரப்பவே முடியாது. ஆகவே அந்தப் பெட்ரோல் வீண் செலவு இல்லை. குறை எங்கே என்றால், இறைச்சி வந்தால் ஊரே அவரைப் பாராட்டுகிறது, அதை வாங்கிக் கொடுத்த சம்பளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலில் அது பேசப்பட வேண்டும். எவ்வளவு பெட்ரோலுக்கு, எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு தன் படிப்புக்கு என்று சம்பளம் வருவதற்கு முன்பே அவள் சொல்லிவிடட்டும். தன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஊரில் வேட்டைக்காரர் சங்கம் இருக்கும். வேட்டைச் செலவுக்கு ஏதாவது உதவித் திட்டம் நடக்கிறதா என்று கணவரே அங்கு போய் விசாரிக்கலாம்.

இப்படிக் கணக்குப் பேசுவது அவர்கள் மரபுக்குப் புறம்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய நாளில் வேட்டைக்காரனின் உயிரே மனைவியின் தையலில் இருந்தது. சீல் தோல் காலணி தைப்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். உலு என்ற பிறை வடிவக் கத்தியால் தோலின் கொழுப்பை வழித்தெடுத்து, உலர்த்தி, மென்மையாகும்வரை பல்லால் கடித்துப் பதப்படுத்துவார்கள். தைக்கும்போது ஊசி தோலின் பாதிக் கனத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். மறுபக்கம் எட்டிப் பார்க்காது. விலங்கு நரம்பில் திரித்த நூல் ஈரம் பட்டதும் உப்பித் தையலை அடைத்துக்கொள்ளும். ஒரு தையல் தவறினால் தண்ணீர் ஏறும், கால் உறையும். தைப்பவள் இல்லாமல் பனிக்கு மேல் இறங்க எந்த ஆணுக்கும் துணிவு வராது. அந்த உலு அவளுடைய சொந்தச் சொத்து. இன்றைக்கு உங்கள் தோழியின் சம்பளம் அந்தத் தையலின் இடத்தில் இருக்கிறது. மரியாதை மட்டும் கூடவே வரவில்லை.

பெயரும் அப்படித்தான். இறந்துபோன ஒருவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு, ஆணா பெண்ணா என்று பார்க்காமல், சூட்டுவார்கள். அந்தப் பெயரோடு அவருடைய உறவும் மரியாதையும் குழந்தைக்கு வந்துவிடும். கணவனின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வழக்கமே அவர்களுக்கு இருந்ததில்லை. 1940களில் கனடா அரசு, நிர்வாக வசதிக்காக, ஆளுக்கு ஒரு எண் பொறித்த வில்லையைக் கொடுத்தது. பிறகு 1970ஐ ஒட்டி வீடு வீடாகப் போய்க் குடும்பப் பெயர் பதிந்தார்கள். பல பெண்கள் கணவன் பெயருக்குள் வந்தது அப்போதுதான்.

அங்கே கல்யாணமும் பெரியவர்கள் பேசி முடிப்பதாகத்தான் இருந்தது. நுனாவுட்டின் கேப் டார்செட் (இப்போது கின்கைட்) ஊரைச் சேர்ந்த பெண் ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜானிபோ என்ற வேட்டைக்காரரை வீட்டார் நிச்சயித்தபோது கெனோஜுவாக்குக்கு விருப்பம் இல்லை. ஜானிபோ நெருங்கி வந்தால் விளையாட்டாகக் கூழாங்கல்லை எடுத்து வீசுவாராம். பிறகு அவருடைய சாந்த குணத்தைக் கண்டு அன்பு வைத்தார். காசநோய் வந்து கியூபெக் நகர மருத்துவமனையில் 1952 முதல் 1955 வரை குடும்பத்தைப் பிரிந்து கிடந்தார். திரும்பி வந்த பிறகுதான் வரையத் தொடங்கினார். குழந்தைகள், கணவர், வேட்டை முகாம் எல்லாவற்றுக்கும் நடுவில் வரைந்தார். ஜானிபோவும் உடன் உட்கார்ந்து வரைந்தார். 1960இல் கெனோஜுவாக் வரைந்த ஆந்தை 1970இல் தபால்தலையாக வந்தது. அவர் ஊரை விட்டுப் போய்ப் பேர் வாங்கியவர் இல்லை. 2013இல் கண்மூடியதும் அதே ஊரில்தான். அதே ஊரின் பிட்சியோலாக் அஷூனா கணவரை இழந்த பிறகு, பிள்ளைகளைக் காப்பாற்ற வரையத் தொடங்கி ஆயிரக்கணக்கில் வரைந்து குவித்தார்.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல வரவில்லை. நுனாவுட் தனி ஆட்சிப் பகுதியாக உருவாவதற்கு முன், 1997 மே மாதம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சட்டமன்றத்தில் தொகுதிக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு உறுப்பினர்கள் இருக்கலாமா என்பது கேள்வி. 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எதிர்த்துப் பேசியவர்களில் ஒரு பெண் அமைச்சரும் இருந்தார். எனக்கு அந்த முடிவில் இன்றும் வருத்தம்தான். ஆனால் 2008இல் ஈவா ஆரியாக் என்ற பெண் அங்கே முதலமைச்சர் ஆனார். ஊர் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதை உங்கள் தோழியும் அறிவாள்.

கணவரிடம் நீங்கள் பேசவே வேண்டாம். வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தக் குடும்பங்களுக்குள் புகுந்து முடிவெடுத்துப் பட்ட பாடு போதும். பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள், நோயாளிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சிலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றே வீட்டுக்குத் தெரியவில்லை. நீங்கள் நர்ஸ். நல்ல மனதோடு பேசினாலும் அந்த நினைவு உங்கள் முகத்தின் மேல் வந்து விழும். உங்கள் தோழி யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். இக்காலுயிட்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு இளம்பெண்ணை எழுபது வயது மூதாட்டி ஒருவர் 'அம்மா' என்று கூப்பிடுவார், அவர் தாயின் பெயர் இவளுக்கு என்பதால். அந்த மூதாட்டி ஒரு வார்த்தை சொன்னால் கணவர், மாமியார் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். உங்கள் தோழிக்கும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். பேச வேண்டியவர் அவர்.

படிப்பு விஷயத்தில் நல்ல சேதி இருக்கிறது. நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியின் ஆசிரியர் பயிற்சி இக்காலுயிட்டில் மட்டும் நடப்பதில்லை. சில சமயம் சிறிய ஊர்களிலும் நடத்துகிறார்கள். படிப்புக் காலத்துக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. பெரும்பாலான ஊர்களில் கல்லூரிக்கு ஒரு கற்றல் மையம் இருக்கிறது. அடுத்த சேர்க்கை எங்கே, எப்போது என்று அவளே போய் விசாரிக்கட்டும். நீங்கள் கூடப் போகலாம். படிவம் நிரப்பும் மாலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம். விமான டிக்கெட்டைவிட இது பெரிய உதவி.

வீட்டைப் பற்றியும் கேளுங்கள். அங்கே பெரும்பாலோர் இருப்பது அரசு வாடகை வீடு. காத்திருப்போர் பட்டியல் நீளம், நெரிசல் அதிகம். கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் ஊர் வீட்டுவசதி அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லட்டும். தனி வீட்டுக்கும் இப்போதே மனுப் போடட்டும், கணவரையும் சேர்த்தே போடலாம். கொழுந்தன் குடும்பம் இல்லாத ஒரு மேசை கிடைத்தால்தான் அவளால் புத்தகத்தைத் திறக்க முடியும்.

கை நீட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஒருவேளை நிலைமை மாறினால், 2008 முதல் நுனாவுட்டில் குடும்ப வன்முறைத் தலையீட்டுச் சட்டம் இருக்கிறது. அவசரப் பாதுகாப்பு உத்தரவை ஊரில் இருந்தபடியே தொலைபேசி வழியாக வாங்கலாம். கணவன் வெளியேறி மனைவி வீட்டில் இருக்கும்படியும் உத்தரவு வரும். அடி உதை வரை போகாமல், மூத்தோர் ஆலோசனைக்கு இருவரையும் அனுப்பும் உத்தரவும் அதில் உண்டு. இதற்கு உதவ ஊர்களில் சமூக நீதிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பணியாளரின் எண்ணை வாங்கி சுகாதார நிலையத்தில் எல்லாப் பெண்களின் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.