வாங்கும் முன் கேளுங்கள்: வெளியூர் பேக்கப் கொட்டேஷனில் விட்டுப்போன ஒரு வாசகம்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். ஒரே சர்வரில் மூன்று விர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினி போல ஓடுபவை) ஓடுகிறது: பில்லிங், ஃபைல் சர்வர், ஆட்களின் வருகைப்பதிவு. எல்லாம் சேர்த்து 600 ஜிபி. மெஷினை நிறுத்தாமலே தினமும் பேக்கப் எடுத்து, புதுச்சேரியில் இருக்கிற எங்கள் கிளைக்கு நெட் வழியாக நேராக அனுப்பித் தருவதாக ஒரு டீலர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஓடுகிற மெஷினை அப்படியே எடுத்தால் டேட்டா கெட்டுப்போகாதா? எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

பதில்: முதலில் புதுச்சேரியைப் பேசிவிடுவோம். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்ற புயல் கரையேறியது உங்கள் கடைக்கும் உங்கள் கிளைக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற கிளை, தீ விபத்துக்கும் திருட்டுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் போதும். புயலுக்குப் போதாது. கிளையில் ஒரு காப்பி இருக்கட்டும். இன்னொன்று சேலத்திலோ திருச்சியிலோ இருக்கட்டும். அங்கே சித்தப்பா மகன் வீட்டு மாடியில் ஒரு சின்ன பெட்டியும் யுபிஎஸ்ஸும் வைத்தாலும் சரிதான், நான் கேலி செய்யவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். நிறுத்தாமல் எடுக்கலாம், உலகம் முழுக்க அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திடீரென்று பிளக்கைப் பிடுங்கினால் டிஸ்க் எப்படி இருக்குமோ அந்த நிலையில் எடுப்பது. இன்னொன்று, எடுப்பதற்கு முன் உள்ளே இருக்கிற விண்டோஸிடம் "ஒரு நொடி பொறு, கையில் இருப்பதை எழுதி முடி" என்று சொல்லிவிட்டு எடுப்பது. இரண்டாவது நடக்க, ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற குட்டி மென்பொருள் ஓட வேண்டும். விண்டோஸில் அது விஎஸ்எஸ் என்ற உள்வசதி வழியாக டேட்டாபேஸுக்குச் செய்தி சொல்லும். ஃபைல் சர்வருக்கு முதல் வகையே பெரும்பாலும் சமாளித்துவிடும். பில்லிங்குக்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் உறவினர் கடை சர்வர் ஒரு நாள் கண்ணை மூடிவிட்டது. பேக்கப் இருந்தது, தினமும் பச்சை டிக் விழுந்திருந்தது. புது மெஷினில் போட்டோம், விண்டோஸ் ஏறியது, எல்லோரும் டீ குடித்தோம். பில்லிங்கைத் திறந்தால் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் 'சஸ்பெக்ட்' என்று நின்றது, அதாவது கெட்டுப்போயிருக்கலாம், திறக்காது. ஏஜென்ட் போடவே இல்லை. கேட்டதற்கு "அது கொட்டேஷன்ல இல்லையே சார்" என்றார் போட்டுக்கொடுத்தவர். உண்மைதான், இல்லை. இரண்டு நாள் பில்களைக் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தோம்.

அடுத்து, கொட்டேஷனில் எனக்குப் பிடிக்காத ஒரு சொல் 'நேராக'. ஓடுகிற மெஷினை வெளியூருக்கு நேராக எடுக்காதீர்கள். பேக்கப் நடக்கும்போது மெஷின் டிஸ்க்கில் ஒரு பிளாக்கை (சிறு துண்டை) மாற்றி எழுத வந்தால், பழைய பிளாக் பேக்கப்புக்குப் போய்ச் சேரும் வரை அந்த எழுத்து காத்திருக்க வேண்டிவரும். ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. பேக்கப் பெட்டி பக்கத்து மேஜையில் இருந்தால் ஒன்றும் தெரியாது. அது மெதுவான நெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால், கவுண்டரில் பில் அடிப்பவர் என்டரைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் உங்கள் கடையிலேயே இன்னொரு பெட்டியில் எடுங்கள். அது முடிந்த பிறகு, அந்தப் பெட்டியிலிருந்து வெளியூருக்குப் போகட்டும். ஒரு பெட்டி கூடுதல் செலவுதான். ஆனால் சர்வர் மட்டும் போனால் ரீஸ்டோர் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை, பக்கத்து மேஜையிலிருந்தே வந்துவிடும்.

நெட் கணக்கை நீங்களே போடலாம். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். நீங்கள் பார்க்க வேண்டியது அப்லோடு. ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். 40 எம்பிபிஎஸ் வந்தால் மணிக்குச் சுமார் 18 ஜிபி போகும். 600 ஜிபி போக 33 மணி நேரத்துக்கு மேல். ஆகவே முதல் காப்பியை நெட்டில் அனுப்பாதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் எடுத்துப் பையில் போட்டு பஸ் ஏறுங்கள். அதற்குப் பிறகு மாறிய பகுதி மட்டும்தான் போகும்; ஒரு நாளைக்கு 12 ஜிபி மாறினாலும் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். பல வீட்டு பிராட்பேண்ட் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்குப் பெரிய தொகை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் லைசன்ஸ் காசு இல்லாமலே கிடைக்கிறது. வீம் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு 10 மெஷின் வரை எடுக்கும். உங்களுக்கு இருப்பது மூன்று. டீலர் அவருடைய உழைப்புக்குக் காசு கேட்கட்டும், தாராளமாகக் கொடுங்கள்.

வைரஸ் வந்து ஃபைல்களுக்குப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கடை சர்வரின் அட்மின் பாஸ்வேர்டை வைத்து சேலத்துப் பெட்டியை அழிக்க முடிந்தால், பூட்டுப் போடுகிறவனும் அதைத்தான் முதலில் செய்வான். சேலத்துப் பெட்டி தானே வந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி அமைக்கச் சொல்லுங்கள். அதன் பாஸ்வேர்டு கடையில் எந்த மெஷினிலும் இருக்கக் கூடாது. டேட்டாவை என்கிரிப்ட் செய்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றினால்) அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சடித்து பேங்க் லாக்கரில் வையுங்கள். சாவி சர்வரிலேயே இருந்து சர்வர் போய்விட்டால் சேலத்தில் இருப்பது வெறும் குப்பை.

கடைசியாக, கையெழுத்துக்கு முன் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர்க் காப்பியிலிருந்து பில்லிங் மெஷினை வேறு கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் நம்பரைக் காட்ட வேண்டும்." எத்தனை மணி நேரத்தில் என்பதையும் எண்ணில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை முதல் முறை அந்த பில் நம்பரைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம், டிஸ்க் இரண்டும் ரெய்டில் இருக்கிறது. இதற்கு மேல் பேக்கப் எதற்கு? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: ஸ்னாப்ஷாட் என்பது மெஷினின் அந்த நேரத்து நிலையைக் குறித்து வைப்பது; உங்கள் ரெய்டு ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது. இரண்டும் அதே பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி போனால் எல்லாம் சேர்ந்து போகும். தவறாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை இரண்டு டிஸ்க்கிலும் அக்கறையாக அழித்துக் கொடுக்கும். பழைய ஸ்னாப்ஷாட்களை மாதக்கணக்கில் விட்டு வைத்தால் இடமும் நிரம்பும், சில அமைப்புகளில் மெஷினும் மந்தமாகும். அப்டேட் போடும் முன் ஒன்று எடுங்கள், சரியாக ஓடினால் அழித்துவிடுங்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு: 2022 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி, கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் தினமும் சேர வேண்டும். வெளிநாட்டு கிளவுடில் மட்டும் போட்டு வைத்திருந்தால் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: பேக்கப் சேவைக்கு வருடச் சந்தா கட்டினேன். தேவைப்பட்டபோது ரீஸ்டோர் ஆகவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்)

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்கு விலக்கு உண்டு. நீங்களே கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்பதை மனுவிலேயே எழுதுங்கள்; எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப் போவது அந்த இடத்தைத்தான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் செய்யுங்கள், சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும். ரசீது, ஒப்பந்தம், ரீஸ்டோர் தோற்ற அன்றைய ஸ்கிரீன்ஷாட், அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றே பிரின்ட் எடுத்து வையுங்கள். ஜெராக்ஸ் மெஷின்தான் உங்களிடமே இருக்கிறதே.