கையில் குத்திய பச்சை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 25 வயது, பெங்களூரில் ஐ.டி. வேலை. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோதுதான் பார்த்தேன், இடது மணிக்கட்டில் மயிலிறகு டாட்டூ. ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள். முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்துவிடலாம் என்கிறேன், மாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று தூக்கமே இல்லை.
பெயர் வேண்டாம், அம்மாபேட்டை, சேலம்

பதில்: மறைக்காதீர்கள் அம்மா. மணிக்கட்டில் இருப்பதை எத்தனை நாள் மறைக்க முடியும்? கல்யாணமான மறுநாள் தெரிந்துவிடும், அப்போது டாட்டூ பெரிதாகத் தெரியாது, மறைத்ததுதான் பெரிய பேச்சாகும். போனில் பேசும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் இப்போதே பின்வாங்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மா கையிலோ மாமியார் கையிலோ பச்சை இல்லையா? ஓமலூர் பக்கம் இருந்த எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இரண்டு முன்கையிலும் இருந்தது. வலது கையில் புள்ளிக்கோலம், இடது கையில் தாமரையும் தேளும். "பச்சை குத்தலையோ பச்சை" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்த குறத்தியைத் திண்ணையில் உட்கார வைத்துக் குத்திக்கொண்டதாம், கூலி இரண்டு படி கம்பும் ஒரு பழைய சேலையும். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் தொட்டுத் தொட்டுக் குத்துவார்கள், வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் உண்டு. உள்ளே போவது கறுப்புக் கரிதான், தோலுக்கு அடியில் இருந்து தெரியும்போது பச்சையாகத் தெரிகிறது, பெயரும் அப்படியே வந்துவிட்டது. பச்சை இல்லாத கையை மொட்டைக் கை என்பாராம் அம்மாயியின் மாமியார். நகை நட்டெல்லாம் கழற்றிக்கொண்டுதான் அனுப்புவார்கள், இது ஒன்றுதான் கடைசிவரை கூட வரும் என்று அம்மாயி அடிக்கடி சொல்லும்.

அதே கையை அம்மாயி ஒருநாள் மறைக்க ஆரம்பித்தது. என் அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, ஆபீஸ் அறையில் இருந்தவர் கையைப் பார்த்துவிட்டு, "நீ வெளியே நில்லு, படிச்சவங்க யாராவது இருந்தா வரச் சொல்லு" என்றாராம். அதற்கப்புறம் டவுனுக்கு வரும்போதெல்லாம் முந்தானையை முன்கை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் பஸ் ஏறும், சித்திரை வெயிலிலும். என் அம்மா பச்சை குத்திக்கொள்ளவில்லை. பச்சை என்றால் பட்டிக்காடு, காட்டு வேலை, கைநாட்டு என்று ஆகிப்போயிருந்தது. ஆண்கள் இரட்டை இலையும் உதயசூரியனும் குத்திக்கொண்டார்கள், அது கட்சி விசுவாசம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது, மற்றபடி கையில் பாம்பும் கத்தியும் இருந்தால் ரவுடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். இப்போது விராட் கோலி கையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஏ.சி. அறையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குத்திக்கொள்கிறார்கள், அதற்கு டாட்டூ என்று பெயர். கரிக்குப் பதில் பாட்டில் மை, கட்டிய ஊசிக்குப் பதில் மெஷின். உங்கள் மகள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை அம்மா. விட்டுப்போன ஒன்று ஒரு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, வலது முன்கை உட்பக்கம் அம்மா பெயரைக் குத்தியிருக்கிறேன். ராணுவத்துக்கும் சி.ஆர்.பி.எஃப்.புக்கும் தயாராகிறேன். டாட்டூ இருந்தால் மெடிக்கலில் கழித்துவிடுவார்கள் என்று பசங்க பயமுறுத்துகிறார்கள்.
வாழப்பாடி வாசகர்

பதில்: தம்பி, இரண்டுக்கும் விதி வேறு வேறு. ராணுவத்தில் முன்கையின் உட்பக்கம், அதாவது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை, இந்த இடங்களில் டாட்டூ இருக்கலாம். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கத்தைப் பார்த்துத் தளர்வும் உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் பெயரோ மதச் சின்னமோ இருப்பது தப்பில்லை, ஆனால் முன்கை என்றால் இடது கை உட்பக்கம் மட்டும்தான், ஏனென்றால் சல்யூட் அடிப்பது வலது கை. அளவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆக ராணுவத்துக்கு உனக்குப் பிரச்சினை இல்லை, சி.ஆர்.பி.எஃப்.புக்கு இருக்கிறது. விண்ணப்பிக்கும் வருஷத்து அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிடு. எடுப்பதாக இருந்தால் லேசர்தான் வழி, பல மாதம் ஆகும், இப்போதே தோல் டாக்டரைப் பார். யாரோ சொன்னார்கள் என்று ஆசிட்டோ சுண்ணாம்போ வைத்துத் தேய்த்துவிடாதே கண்ணு, பெயர் போனாலும் தழும்பு நின்றுவிடும்.

கேள்வி: டாட்டூ போட்டவர்கள் ரத்தம் கொடுக்கக்கூடாதா?
சூரமங்கலம் வாசகி

பதில்: கொடுக்கலாம், குத்திய நாளிலிருந்து ஒரு வருஷம் கழித்து. சுத்தம் செய்யாத ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, அப்புறம் எச்.ஐ.வி. தொற்றலாம், தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாமலும் போகலாம், அதனால்தான் அந்த இடைவெளி. திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியை ஆளுக்கு ஆள் துடைத்துத் துடைத்துக் குத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். புது ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையையும் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை செய்கிறேன். அப்பா இறந்த பிறகு அவர் பெயரைக் கையில் குத்திக்கொண்டேன். கெஸ்ட் முகம் சுளிப்பார்கள், பிளாஸ்திரி ஒட்டு என்கிறார் மேனேஜர். வருகிற கெஸ்ட்டுகளில் பாதிப் பேருக்குக் கழுத்து வரை டாட்டூ இருக்கிறது!
பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: படித்ததும் கோபம்தான் வந்தது தங்கச்சி. அறை வாடகை கொடுக்கிறவர் உடம்பில் இருந்தால் ஸ்டைல், சாவி எடுத்துக் கொடுக்கிற பெண் கையில் இருந்தால் அசிங்கமா? அம்மாயியை வெளியே நிற்கச் சொன்ன அதே பார்வைதான் இது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக்கு வந்திருக்கிறது. ஆனால் வேலை உங்களுக்கு முக்கியம், அதனால் கோபத்தில் எதுவும் பேசிவிட வேண்டாம். சேரும்போது கொடுத்த விதிமுறைத் தாளில் டாட்டூ பற்றி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், இது அப்பா பெயர், எந்த கெஸ்ட்டாவது புகார் சொன்னாரா என்று மேனேஜரிடம் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். முகம் சுளித்த கெஸ்ட் என்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் பிளாஸ்திரி வேண்டாம், முழுக்கை யூனிஃபார்ம் கேளுங்கள். பிளாஸ்திரி ஒட்டினால் ஏதோ புண் மாதிரி இருக்கும், அப்பா பெயர் மேல் அது வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது, பேத்தியை விட்டு எழுதச் சொல்கிறேன். இரண்டு கையிலும் பச்சை இருக்கிறது. தை மாதம் இவளுக்குக் கல்யாணம். வருகிற சம்பந்தி வீடு பெரிய இடம். போட்டோ, வீடியோவில் அசிங்கமாகத் தெரியுமே, அழித்துவிட முடியுமா?
ஆத்தூர் வாசகி

பதில்: முடியும் அம்மா. பழைய கரிப் பச்சை, கலர் மையை விட லேசரில் சுலபமாக மங்கும். ஆனால் ஒரே தடவையில் போகாது, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகவும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தைக்குள் முழுசாக முடியாது.

இது நீங்கள் கேட்டதற்குப் பதில். கேட்காததையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அழிக்க வேண்டாம் அம்மா. அந்தப் பெரிய இடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் காசு கொடுத்துக் குத்தியிருக்கிறார்கள் என்று மண்டபத்தில் பாருங்கள். போட்டோவுக்கு நிற்கும்போது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்ளாமல் பேத்தி தோள் மேல் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், இந்தக் கடிதத்தை எழுதிய அவளையே பக்கத்தில் உட்கார வைத்து, இது எந்த வயதில் குத்தியது, யார் கையைப் பிடித்துக்கொண்டார்கள், இந்தக் கோலம் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எங்கள் அம்மாயி கையில் தேளுக்குக் கீழே தனியாக மூன்று புள்ளி இருந்தது. 2009-ல் அம்மாயி போய்விட்டது. அந்த மூன்று புள்ளி எதற்கென்று நான் கேட்கவே இல்லை.