உடைந்த கார்பன் ஹாக்கி ஸ்டிக்கைச் சரிசெய்வது: கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி): சார், ஸ்டிக்கின் முகப்பில், வளைவுக்குக் கொஞ்சம் மேலே, தலைமுடி போல ஒரு கோடு தெரிகிறது. பெயிண்ட் வெடித்ததா, உள்ளேயே விட்டுவிட்டதா?

பதில்: ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரத்தால் கைப்பிடியிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மொத்தென்று அடங்கிவிடும். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 240-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பெயிண்டை மட்டும் எடுங்கள். பெயிண்டோடு கோடும் போய்விட்டால் கவலையில்லை. கோடு தங்கினால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள்: மேற்பரப்பு உடனே உலரும், விரிசலுக்குள் இறங்கிய ஸ்பிரிட் மட்டும் கருங்கோடாகச் சில நொடிகள் நிற்கும். அப்படி நின்றால் இழை உடைந்திருக்கிறது.

கேள்வி (திருச்சி): அண்ணா, பெவிக்விக் விட்டு இறுக்கிக் கட்டினால் போதாதா? எம்-சீல்?

பதில்: போதாது தம்பி. ஸ்டிக்கில் சுமையைத் தாங்குவது கார்பன், கண்ணாடி இழைகள்தான். ரெசின் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பசை மட்டுமே. இழை அறுந்த இடத்தில் பசையை மட்டும் நிரப்பினால் சுமை கடக்க வழியில்லை. பெவிக்விக் கெட்டியானதும் நொறுங்கும் தன்மையுடையது. முதல் அடியிலேயே விடும். எம்-சீலில் நீள இழை எதுவும் கிடையாது, பள்ளம் நிரப்பத்தான் ஆகும். பைபர்கிளாஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினையும் வாங்காதீர்கள். ஸ்டிக்கில் இருக்கும் ரெசின் எபாக்சி வகை. கெட்டிப்பட்ட எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, தோலாக உரிந்து வரும்.

கேள்வி (மதுரை): கிரிப்புக்குக் கீழே கைப்பிடியில் விரிசல், இரண்டாக உடையவில்லை. என்னென்ன வாங்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கார்பன் துணி, லேமினேட்டிங் எபாக்சி (துணியில் ஊறவைக்கும் ரெசின்), 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, நைட்ரில் கையுறை, என்95 முகக்கவசம். இந்த ஊர்களில் எளிதாகக் கிடைப்பது அரால்டைட் எல்.ஒய். 556, ஹார்டனர் எச்.ஒய். 951. கலவை எடையில் 100-க்கு 10. கண்ணளவு வேண்டாம். ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் மிச்சப்படுவது கெட்டிப்படாமல் உள்ளேயே நின்று முழுவதையும் மிருதுவாக்கிவிடும்.

விரிசலை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஏழரை செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 1 மி.மீ. ஆழம், ஓரங்களுக்குப் போகப் போக ஒன்றுமில்லாமல் ஆகும்படி 80-ஆம் எண் உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். இந்தச் சரிவுதான் வேலையின் உயிர். பழைய இழையிலிருந்து புதிய இழைக்குச் சுமை சிறிது சிறிதாக மாறுவது இதனால்தான். படிபோல வெட்டி நிறுத்தினால் அந்தப் படியிலேயே மறுபடி உடையும். தேய்த்த தூசியை ஈரத்துணியால் எடுத்து, அசிட்டோனால் இரண்டு முறை துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது.

கைப்பிடியின் சுற்றளவு ஏறத்தாழ 10 செ.மீ. துணியை 11 செ.மீ. அகலத்தில், 6, 9, 12, 15 செ.மீ. நீளங்களில் நான்கு துண்டுகளாக வெட்டுங்கள். 6-ம் 12-ம் இழை நேராக ஓடும்படி. 9-ம் 15-ம் 45 பாகை சாய்வாக. நேர் இழை வளைவைத் தாங்கும், சாய்ந்தது முறுக்கைத் தாங்கும். எல்லாத் துண்டையும் நேராக வெட்டிவிட்டு, ரிவர்ஸ் அடியில் மட்டை முறுகும்போது ஒட்டு பிரிகிறது என்று வருந்துபவர்கள் பலர்.

நான்கு துண்டும் சேர்ந்து 9 கிராம் சொச்சம். அதே எடை ரெசின் துணிக்குள் நின்றால் போதும். பிரஷ்ஷிலும் கிண்ணத்திலும் போவதைச் சேர்த்து 20 கிராம் ரெசினுக்கு 2 கிராம் ஹார்டனர் கலக்குங்கள். அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். குறுகிய கோப்பையில் விட்டால் சூடு வெளியேறாமல் சீக்கிரமே இறுகிவிடும்.

தேய்த்த இடத்தில் முதலில் ரெசின் பூசி, சிறிய துண்டில் தொடங்கிப் பெரியதில் முடியுங்கள். மேலே பாலித்தீன் தாள். அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை, பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி, கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி ஊசியால் நெருக்கமாகக் குத்துங்கள். உபரி ரெசினும் காற்றும் துளை வழியே வெளியேறும். 24 மணி நேரம் தொடாதீர்கள். பந்தடிக்க ஒரு வாரம் பொறுங்கள். கூடும் எடை 18 கிராம் அளவில். முன்பே 1 மி.மீ. தேய்த்திருப்பதால் தடிமன் தெரியாது.

கேள்வி (சென்னை): இரண்டாகவே முறிந்துவிட்டது. வழி உண்டா?

பதில்: எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்தது. கிரிப்புக்குள் என்றால் செய்யலாம். கிரிப்புக்குக் கீழே, தலைப்பகுதி வரை எங்கே முறிந்திருந்தாலும் ஆட்டத்துக்கு ஒட்டித் தராதீர்கள். அடியின் அதிர்ச்சியும் வளைவும் சேரும் பகுதி அது. விட்டால் தலைத்துண்டு பறக்கும்.

கிரிப்புக்குள் முறிந்ததற்கு: பிசிறுகளை வெட்டி, உள்ளே இருக்கும் போமை இரு பக்கமும் 8 செ.மீ. ஆழம் சுரண்டி எடுங்கள். 16 செ.மீ. மரக்குச்சியில் ரெசினில் நனைத்த கார்பன் துணியைச் சுற்றி, இரு முனையையும் பென்சில் முனைபோலச் சீவுங்கள். சீவாமல் மொட்டையாக விட்டால் செருகல் முடியும் இடத்தில் ஸ்டிக் திடீரென்று மெலிகிறது. அடுத்த முறிவு அங்கேதான். ரெசினில் பைபர்கிளாஸ் பொடி கலந்து கெட்டியாக்கிச் செருகி, நூல் பிடித்து நேர்பார்த்து, 24 மணி நேரம் கழித்து முன்சொன்ன நான்கு அடுக்கை வெளியே போடுங்கள். இரும்புக் கம்பியோ அலுமினியக் குழாயோ உள்ளே போகக் கூடாது. சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பான எப்.ஐ.எச்.-இன் விதி ஸ்டிக்கில் உலோகத்தைத் தடுக்கிறது.

கேள்வி (அரியலூர்): தலைப்பகுதியின் நுனி டர்பில் (செயற்கைப் புல்தரையில்) தேய்ந்து இழை வெளியே தெரிகிறது.

பதில்: உடனே கவனியுங்கள், அந்த வாய் வழியே தண்ணீர் இறங்கினால் அடுக்குகள் பிரியும். நன்றாக உலரவைத்து, தேய்ந்த பள்ளத்தை எபாக்சியும் கண்ணாடி இழைத் துண்டுகளும் கலந்து நிரப்பி, மேலே இரண்டு அடுக்கு பைபர்கிளாஸ் துணி. இங்கே கார்பனைவிடக் கண்ணாடி இழை நல்லது, உரசலில் சில்லாகப் பெயராது. கெவ்லார் இன்னும் உழைக்கும், ஆனால் உப்புத்தாள் பட்டால் வழவழப்பாகாமல் பஞ்சுபோலக் கிளம்பும். அதனால் கெவ்லார் போட்டால் மேலே ஒரு கண்ணாடி அடுக்கு கட்டாயம். அளவோடு நிறுத்துங்கள்: 540 கிராம் ஸ்டிக்கின் நுனியில் 20 கிராம் கூடினால் சமநிலைப் புள்ளி ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. கீழே இறங்கும். டிரிப்ளிங் செய்பவர் கையில் அது உடனே தெரியும்.

கேள்வி (டொராண்டோ): மகனின் ஐஸ் ஹாக்கி ஸ்டிக்கின் தண்டு முறிந்தது. இதே முறையா?

பதில்: தத்துவம் ஒன்றே, வேலை சுலபம், தண்டு உள்ளே வெற்றுக் குழாய். உட்பக்க அளவுக்குச் சரியாக அமையும் செவ்வகக் கார்பன் செருகலை இரு பக்கமும் 10 செ.மீ. போகும்படி ஒட்டி, வெளியே பின்னிய கார்பன் உறை இடுங்கள். அந்த இடம் முன்பைவிட விறைப்பாகும். பிளேடு விரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்ந்த கராஜில் வேலை செய்யாதீர்கள்: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் கெட்டிப்பட ஏறத்தாழ இரு மடங்கு நேரமாகும், மிகக் குளிரில் பாதியிலேயே நின்றுவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலத்தில் ஒட்டினேன். கெட்டியாகிவிட்டது, மேலே மட்டும் மெழுகுபோலப் பிசுபிசுக்கிறது.

பதில்: ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்ததால் வந்த படலம். சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் மெழுகு பரவும். அடுத்த அடுக்கோ பெயிண்டோ ஒட்டாது.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி): ஒட்டிய ஸ்டிக்கைப் போட்டியில் அனுமதிப்பார்களா? பிள்ளைகளிடம் கொடுக்கலாமா, சார்?

பதில்: விதி டேப்பையும் ரெசினையும் தடுக்கவில்லை. மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், 51 மி.மீ. வளையத்துக்குள் நுழைய வேண்டும், எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. கூர்முனை தெரிந்தால் நடுவர் நிறுத்திவிடுவார்.

கொடுப்பதற்கு முன் நீங்களே சோதியுங்கள். ஒட்டைச் சுற்றி நாணயத்தால் தட்டுங்கள். முழங்காலில் வைத்து இரு பக்கமும் மெல்ல வளையுங்கள். 'கிறீச்' என்று கேட்டால் நிராகரியுங்கள். பிறகு முதல் வாரம் தள்ளலும் நிறுத்தலும் மட்டும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மறுபடி நாணயம். டிராக் பிளிக், பெனால்டி கார்னர் அடிக்கு ஒட்டிய ஸ்டிக் வேண்டாம். கைவிட முடிவுசெய்த ஸ்டிக்கை அறையின் மூலையில் சாய்த்து வைக்காமல், ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துவிடுங்கள். முழுதாக இருந்தால் ஏதோ ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடும்.