மழைக்கு முன்னே மொட்டைமாடி, மழை விட்டதும் ரயில்: கடலூர் வீட்டுக் கணக்கு கேள்வி பதில்

வீட்டு வேலை, பொழுதுபோக்கு, குடும்பத்தோடு ஊர் சுற்றல் எல்லாவற்றுக்கும் ஒரே சம்பளம்தான். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாசகர்கள் இது பற்றிக் கேட்ட கேள்விகளும் பதில்களும் கீழே.

சார், மாசம் ஆறாயிரம்தான் மிச்சம் பிடிக்க முடியுது. மாடி ஒழுகுது. பிள்ளைங்க மைசூர் போகணும்னு கேக்குறாங்க. எனக்குத் தையல் மெஷின் வாங்கிக் கத்துக்கணும்னு ஆசை. எதை முதல்ல செய்யிறது? (மஞ்சக்குப்பம்)

மாடிதான் முதலில் அம்மா. ஆறாயிரத்தை மூன்றாகப் பிரித்து மாசாமாசம் போட்டு வந்தால் மழை வரும்போது மாடிக்கும் காசு பத்தாது, விடுமுறை வரும்போது பயணத்துக்கும் பத்தாது. ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். எது முன், எது பின் என்பதை நம் ஊர் மழையே சொல்லிவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். மாடி வேலைக்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம் மார்ச் முதல் ஜூன் வரை. ஜூலை பிறந்துவிட்டால் சாயங்காலத்தில் இடி மழை குறுக்கே வரும். ஆகவே ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதப் பணமும், 18,000 ரூபாய், மாடிக்கே போகட்டும். 600 சதுர அடி மாடிக்குக் கோட்டிங் (நீர் கசியாமல் தடுக்கும் மேல்பூச்சு) மட்டும் என்றால் அதற்குள் முடிக்கப் பார்க்கலாம். பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் போடும் வேலையென்றால் முடியாது.

ஜூலை முதல் ஜனவரி வரை மாதம் 4,500 பயணத்துக்கு, 1,000 தையலுக்கு, 500 அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கும் காசு. பொங்கலுக்குள் பயணக் கணக்கில் 31,500 சேர்ந்திருக்கும். செப்டம்பரில் 3,000 கையில் நிற்கும்போது உபயோகித்த மிதி மெஷின் தேடுங்கள். வெளியே போக முடியாத மழை நாட்களில் உட்கார்ந்து தைத்துப் பழகலாம்.

பயணப் பணத்தை வங்கியில் 6 மாத ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷத்துக்கானது, 3 வருஷம் முடியாமல் மூட முடியாது. பிள்ளையின் படிப்புக்கு அது சரி, ஜனவரிப் பயணத்துக்கு உதவாது.

மாடிக்கு மேலே ஏதோ பெயின்ட் அடிச்சாங்க, ஒரே மழையில் தோல் மாதிரி உரிஞ்சு போச்சு. நாமே செஞ்சா எப்படிச் செய்யணும் அண்ணா? (முதுநகர்)

உரிந்ததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். பாசியைச் சுரண்டாமல் அடித்தது, அல்லது ஈரத் தளத்தில் அடித்தது. உள்ளே நிற்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வரப் பார்க்கும். வழி இல்லாததால் கோட்டிங்கைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

முதலில் ஒழுகலின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள். கீழே கூரையில் ஈரம் தெரியும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழையே இல்லாத வாரத்திலும் கறை கோட்டைத் தாண்டி வளர்ந்தால் தளத்தின் மேல் குற்றம் இல்லை. தொட்டியோ குழாயோதான் கசிகிறது. அதை விட்டுவிட்டு மாடிக்கு எத்தனை கோட்டிங் அடித்தாலும் காசுக்குக் கேடு.

தளம்தான் என்று உறுதியானால், பழைய பூச்சையும் பாசியையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கழுவி, குறைந்தது மூன்று நல்ல வெயில் நாள் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலை பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் துளி நீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் பாதி வேலைகள் கெடுகின்றன.

மயிர்க் கோடு போன்ற விரிசலை அப்படியே விடலாம், கோட்டிங்கே மூடிக்கொள்ளும். அதைவிடப் பெரிய விரிசலை 5 மில்லி மீட்டர் அகலம், அதே ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, தூசி ஊதி, விரிசல் நிரப்பும் பேஸ்ட்டை அழுத்தி அடையுங்கள். அதிகம் ஒழுகுவது தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான். அங்கே சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று என்ற கலவையில், தண்ணீரோடு பிடிப்பைக் கூட்டும் லேடெக்ஸ் திரவமும் கலந்து, மூன்று அங்குல உயரத்துக்குச் சாய்வாக வளைத்துப் பூசச் சொல்லுங்கள். பூசிய இடத்தை ஏழு நாள் நனைத்து வைத்து, மறுபடி காயவிட்ட பிறகுதான் கோட்டிங்.

கோட்டிங் இரண்டு கைக்குமாகச் சேர்த்து லிட்டருக்கு 25 முதல் 30 சதுர அடி என்று வைத்தால் 600 சதுர அடிக்கு 20 முதல் 24 லிட்டர் பிடிக்கும். முதல் கையைத் தண்ணீர் கலந்து ஒரு திசையிலும், இரண்டாம் கையைக் கலக்காமல் குறுக்குத் திசையிலும் அடியுங்கள். மூலைகளிலும் விரிசல்மேலும் முதல் கை ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதித்துவிட வேண்டும். நடுப்பகலில் அடித்தால் தளச் சூட்டில் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். காலை 9 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் அடிப்பது நல்லது.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பாருங்கள். 600 சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் சுமார் 1,400 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். கொத்தனாரை வைத்து வாட்டம் மட்டும் சரிபாருங்கள். நூறு அடிக்கு ஓர் அடி இறக்கமாவது இருக்க வேண்டும்.

கடற்கரை பக்கம் வீடு. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சாலும் துரு வருது. எங்கே தப்பு? (தேவனாம்பட்டினம்)

உப்பைக் கழுவாமல் அடிக்கிறீர்கள். துருவைச் சுரண்டியதும் நேரே பிரைமருக்குப் போகக் கூடாது. கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அதன்பின் 120. அடுத்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிநீரே வேண்டும். துடைத்து வெயிலில் காயவிட்டு, அன்றைக்கே ஒரு கை ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். சுரண்டிய கம்பியை ராத்திரி வெறுமே விட்டால் காலையில் காவி படிந்திருக்கும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எனாமல் இரண்டு கை, இடையில் ஒரு நாள் விட்டு. கையோடு ஒரு விரலைக் கம்பியின் அடிப்பக்கத்தில் தடவிப் பாருங்கள். கம்பி சட்டத்தில் சேரும் இடத்துக்குக் கீழே பிரஷ் படாமல் விட்ட ஓர் அரிசியளவு இடம் கண்டிப்பாகத் தட்டுப்படும். துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும்போது பெயின்ட் வேலையை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை ஈரத் துணியால் கம்பியைத் துடைத்தால் போதும், வருஷா வருஷம் டப்பா திறக்க வேண்டியதில்லை.

மாடியில் பன்னிரண்டு தொட்டி தக்காளி, கத்திரி இருக்கு. ஐந்து நாள் ஊருக்குப் போனா யார் தண்ணி ஊத்துவாங்க? (நெல்லித்தோப்பு)

பக்கத்து வீட்டு அக்காவைத் தொந்தரவு செய்யாமலே முடியும். வெயில் நாளில் காய்க்கிற தக்காளிச் செடி ஒன்று நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். நான்கு தொட்டிக்கு ஐந்து நாளுக்கு 20 லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளி. உங்களுக்கு மூன்று வாளி.

பருத்திக் கயிறு விரல் தடிமனில் வாங்குங்கள். நைலான் கயிறு தண்ணீரை இழுக்காது. கயிற்றைத் தண்ணீரில் முழுக்க ஊறவைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரை விட்டுக் கல் கட்டுங்கள், மறுமுனையை வேர் பக்கத்தில் மூன்று அங்குலம் புதையுங்கள். தொட்டிகளை நிழலில் வாளியைச் சுற்றி நெருக்கி வைத்து, வாளியை ஒரே ஒரு செங்கல் மேல் ஏற்றுங்கள். அதற்கு மேல் உயரம் கொடுத்தால் ஒரே நாளில் வாளி காலியாகி, செடி அழுகிப் போகும். வாளியைத் துணி போட்டுக் கட்டுவது கட்டாயம், திறந்த நீரில் டெங்கு கொசு முட்டையிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு நாள் வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கயிறும் ஒரு மாதிரி இழுக்கும்.

மேல்மண்ணை இரண்டு அங்குலம் காய்ந்த சருகால் மூடினால் தண்ணீர்ச் செலவு குறையும். தென்னை நார்க்கழிவு போடுவதானால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு போடுங்கள். அதிலேயே உப்பு இருக்கும்.

கேமரா லென்சுக்குள்ளே சிலந்தி வலை மாதிரி பூத்திருக்கு. புதுசு வாங்க வசதியில்லை. (வில்லியனூர்)

பூஞ்சை. உள்ளே போனதைப் பழுது பார்ப்பவர்தான் எடுக்க முடியும், நீங்களே திறக்காதீர்கள். அந்த லென்சை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். இனி வராமல் இருக்க, காற்றுப் புகாத 10 லிட்டர் அரிசி டப்பா ஒன்று, ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் கால் கிலோ, ஈரப்பத மீட்டர் ஒன்று போதும். மீட்டரில் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறினால் ஆரஞ்சு திரும்பும். தோல் பையோடு டப்பாவில் வைக்காதீர்கள், பூஞ்சைக்குத் தோல் நல்ல தீனி. அரிசிக்குள் புதைக்கும் வழக்கமும் வேண்டாம், தூசிதான் ஏறும்.

மைசூருக்கு மாமியார் (62), நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க 4, 7 வயசு. டிக்கெட்டில் எங்கே மிச்சம் பண்ணலாம்? (திருப்பாதிரிப்புலியூர்)

நான்கு வயதுப் பிள்ளைக்குத் தனி படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஒரு ராத்திரிப் பயணத்தில் ஒரே படுக்கையில் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டால் மறுநாள் அத்தனை பேரும் சோர்ந்து கிடப்பீர்கள். இந்த ஓர் இடத்தில் முழுக் கட்டணமே கொடுங்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. மாமியார் பெயரைத் தனி டிக்கெட்டாக அந்த ஒதுக்கீட்டில் போட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 14 பயணம் என்றால் நவம்பர் 15. அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிடுங்கள். தட்கலை நம்பிப் பொங்கல் பயணத்தைத் திட்டமிடுவது வீண், கூடுதல் கட்டணமும் போகும். மைசூர் ரயில் கடலூர் துறைமுகம் சந்திப்பிலேயே புறப்படுகிறது. வண்டி புறப்படும் ஊரிலிருந்து எடுக்கும் காத்திருப்புப் பட்டியல், வழியில் ஏறுபவர்களின் பட்டியலைவிடச் சீக்கிரம் உறுதியாகும்.

ஒரு நாளில் போய் வர, பிள்ளைங்க சலிச்சுக்காத இடம்? (பாகூர்)

திருவக்கரை. கல்லாகிப் போன மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை, தரையிலேயே கிடக்கும். மரத்தின் நார்க் கோடு கல்லில் அப்படியே தெரிவதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். பௌர்ணமியன்று கூட்டம் நெரியும், அந்த நாளைத் தவிருங்கள். கட்டுச்சோறும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போனால் பஸ் கட்டணம்தான் செலவு.

பிச்சாவரம் போனால் காலையிலேயே படகு ஏறி, துடுப்புப் படகைக் கேளுங்கள். சுரபுன்னைக் காட்டின் குறுகிய வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும். சிதம்பரம் கோயில் மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டுக்காரர் டிரில் மெஷின், கட்டர்னு வாங்கிக்கிட்டே இருக்கார். எப்படிச் சொல்றது? (நெய்வேலி)

வருஷத்தில் மூன்று முறைக்குக் குறைவாக எடுக்கும் கருவி வாடகைக்கு. அதற்கு மேல் என்றால் சொந்தம். ஒவ்வொரு கருவியிலும் ஒரு சீட்டு ஒட்டி, எடுத்த தேதியை அவரே எழுதட்டும். அடுத்ததை வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு பேரும் அந்தச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நவம்பரில் கல்யாணத்துக்கு நாலு நாள் வெளியூர் போறோம். மழையில் வீட்டைப் பூட்டிட்டுப் போகலாமா? (குறிஞ்சிப்பாடி)

போகலாம். கிளம்பும் அன்று காலை மாடி ஏறி, தண்ணீர் போகும் வாய் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பாருங்கள். ஒரு பாலிதீன் பையும் நாலு வேப்பிலையும் சேர்ந்தால் போதும், மாடி குளமாகி அறைக்குள் இறங்கும். அந்த வாய்களுக்குக் கம்பி வலைக் கூடை பொருத்துங்கள். சம்ப் மூடியின் ஓரத்தைச் சாக்கால் அடைத்துக் கல் ஏற்றுங்கள், தெருத் தண்ணீர் குடிநீரில் கலக்காது. மோட்டார், டிவி பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் இடிக்குப் போதாது. அரிசி, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல் அலமாரிக்குப் போகட்டும். சாவி ஒன்றைத் தெருவிலேயே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, மாடிப் படியின் பூட்டு எது என்றும் காட்டிவிட்டுப் போங்கள்.