அப்பருக்குத் தீர்ந்தது எனக்குத் தீருமா?

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரிக் கொல்லை உண்டு. பாகம் பிரித்தபோது பஞ்சாயத்தில் பெரியவர்களை முன்கூட்டியே பேசி வைத்து, தம்பிக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியை என் பக்கம் சேர்த்துக்கொண்டேன். அவன் இப்போது புதுச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறான். பிரதோஷம் தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறேன், மனசு ஆறவில்லை. சிவனை விட்டு விலகிப் போன அப்பருக்கே ஒரே பதிகத்தில் சூலை நோய் தீர்ந்ததே, எனக்குத் தீராதா?

(பெயர் வேண்டாம்)
கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பரை நீங்கள் பிடித்தது சரிதான், உங்கள் ஊர்க்காரர். திருப்பாதிரிப்புலியூர் சமண மடத்திலிருந்து வயிற்று வலியோடு திருவதிகைக்குப் போய், அக்கா திலகவதியார் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு பாடியது ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’. வலி போனது. ஆனால் அதோடு கதை முடியவில்லையே. அதன் பிறகும் ‘குற்றமே பெரிதுடையேன்’ என்று பாடுகிறார். கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்குகிறார். மன்னிப்புக் கிடைத்தவர் செய்த வேலை இது. இன்னொன்று, அவருடைய குற்றம் அவருக்கும் சிவனுக்கும் இடையிலானது. உங்களுடையதில் தம்பி இருக்கிறார்.

வள்ளலார் 1854இல் வெளியிட்ட ‘மனுமுறை கண்ட வாசகம்’ உங்கள் மாவட்டத்துக்காரர் எழுதியதுதான். மகனின் தேர்க்காலில் கன்று இறந்ததும், நான் என்ன பாவம் செய்தேனோ என்று மனுநீதிச் சோழன் புலம்பும் இடத்தைப் படித்துப் பாருங்கள். ‘வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ’, ‘ஏழைகள் வயிறு எரியச் செய்தேனோ’ என்று போகிறது. பெரும்பாலும் மனிதருக்கு மனிதர் செய்தவை. அதில் ‘மன்றோரம் பேசி வாழ்வழித்தேனோ’ என்றும் ஒரு வரி, சபையில் ஒருதலையாகப் பேசி ஒருவர் வாழ்வைக் கெடுத்தேனோ என்று அர்த்தம். உங்கள் பஞ்சாயத்தேதான்.

திருவந்திபுரத்தில் பல காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர் இதில் இன்னும் கறார். (சைவரான உங்களுக்கு வைணவம் எதற்கு என்று தள்ளிவிடாதீர்கள், பக்கத்து ஊர்தானே.) சரணாகதி செய்தவன் அறியாமல் செய்த பிழை அவனிடம் ஒட்டாது, தெரிந்தே செய்ததற்குப் பிராயச்சித்தம் வேண்டும், வருந்தவே மறுப்பவனுக்கு இந்தப் பிறவியிலேயே பெருமாள் சிறு தண்டனை கொடுத்துத் திருத்துவான் என்கிறார். கருணை உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, தயையைப் பற்றி மட்டுமே நூறுக்கு மேல் சுலோகம் எழுதியவர். உங்கள் மனசு ஆறாமல் இருப்பதையும் அந்தக் கருணையின் வேலையாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால் பரிகாரத்துக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள். நல்ல பத்திர எழுத்தரைப் பார்த்து, அந்தப் பகுதியைத் தம்பி பெயருக்கு எழுதிக்கொடுங்கள். இத்தனை வருஷம் அதில் வந்த முந்திரிக்கும் கணக்குப் போட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் அவர் பிள்ளைகள் பெயருக்கு எழுதலாம். பிரதோஷத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் புதுச்சேரிக்கு முதலில் போய்விட்டு வாருங்கள், போன் மட்டும் போதாது.